கும்பிடறேன் ஆண்டே

எல்லாருக்கும் வணக்கம்.

இங்க எழுத உட்காரும்போதெல்லாம் இந்த வார்த்தையைத்தான் முதல்ல தட்டுறேன். யோசிச்சுத் தட்டுறதில்ல, கை தானா போயிடும். போன வாரம்தான் அதைப் பத்தி யோசிக்கும்படி ஆயிடுச்சு.

சம்பா நடவுக்குச் சேறு அடிக்க ஒரு டிராக்டர் பேசியிருந்தேன். ஓட்டிக்கிட்டு வந்த தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். தெக்குத் தெருப் பையன், வண்டி அவனோடதுதான், கடன்ல எடுத்து ஓட்டுறான். வரப்போரம் வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து, "வணக்கம்ணே, எந்த வயல்லேர்ந்து ஆரம்பிக்கணும்?"னு கேட்டு கையை நீட்டினான். என் கையெல்லாம் சேறு. "சேறா இருக்குப்பா"ன்னேன். "நம்ம கைக்கு அது என்னண்ணே"ன்னு சொல்லிப் பிடிச்சுக் குலுக்கிட்டான்.

அவனோட தாத்தா எங்க தாத்தாகிட்ட வேலை பார்த்தவர். அவர் எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துல வந்து நின்னு சொன்னது வணக்கம் இல்ல. "கும்பிடறேன் ஆண்டே." அந்த ரெண்டு வார்த்தைக்கும் இந்தக் கை குலுக்கலுக்கும் நடுவுல எவ்வளவு நடந்திருக்குன்னு எழுதி வைக்கணும்னு தோணுச்சு. டவுன்ல இருக்கிற நீங்க, வணக்கம்னு சொல்றது ஆதிகாலத்துலேர்ந்து தமிழன் வழக்கம்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். வார்த்தை பழசு. அதை ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் சொல்லிக்கிறது புதுசு. எங்க பக்கத்துல எனக்கே ஞாபகம் தெரிஞ்ச காலத்துலதான் அது வீட்டுக்குள்ள நுழைஞ்சுது.

நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க ஊர்ல யாரும் யாருக்கும் வணக்கம் சொன்னதில்ல. ஒரே தெருக்காரங்க எதிர்ல வந்தா "எங்க, வயலுக்கா?"ம்பாங்க. போறது வயலுக்குத்தான்னு ரெண்டு பேருக்கும் தெரியும், கையில மண்வெட்டி இருக்கும், ஆனாலும் கேக்கணும். "ஆமா, மடையைப் பார்த்துட்டு வரலாம்னு." அவ்வளவுதான். ஆனி ஆடியில "தண்ணி வந்துச்சா?" ஐப்பசியில "தண்ணி வடிஞ்சுதா?" ஆறு மாசம் தண்ணி வரலைன்னு கவலை, ஆறு மாசம் போகலைன்னு கவலை. டெல்டாக்காரன் குசலம் விசாரிக்கிறது எல்லாமே தண்ணியை வச்சுத்தான். வீட்டுக்கு வந்தவங்களை "வாங்க, சாப்டீங்களா?" கிளம்பும்போது "வரேன்." போறேன்னு சொன்னா அம்மா திட்டும்.

இதெல்லாம் சமமா இருக்கிறவங்களுக்குள்ள. மேலயும் கீழயும் இருந்தா பேச்சு வேற.

கும்பிடுங்கிறது நல்ல தமிழ்ச் சொல். கும்புன்னா குவியறது, சேர்றது. கும்பல்னு சொல்றோமே, அதுவும் இந்த வழிதான். ரெண்டு கையும் குவிஞ்சா கும்பிடு. சாமியைக் கும்பிடறோம், அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா மனுஷனுக்கு மனுஷன் சொன்னப்போ அது ஒரு பக்கமாத்தான் போச்சு. கீழேயிருந்து மேல போகும், மேலேயிருந்து திரும்பி வராது. "கும்பிடறேன் ஆண்டே"ன்னு அவர் சொன்னா எங்க தாத்தா "ம்" அப்படிம்பார். அந்த "ம்" கூட எல்லா நாளும் கிடைக்காது. தோள்ல கிடந்த துண்டு அக்குளுக்கோ இடுப்புக்கோ போயிருக்கும். செருப்புங்கிற பேச்சே இல்ல.

எங்க தாத்தா ஒண்ணும் மிராசுதார் கிடையாது. சொந்தமா ஒன்பது மா, அதாவது மூணு ஏக்கர். அதோட ஒரு மடத்து நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தார். மடத்துக் காரியஸ்தர் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார். மாட்டு வண்டி தெரு முனையில திரும்பும்போதே தாத்தா திண்ணையை விட்டு இறங்கிடுவார். அவர் துண்டும் இடுப்புக்குப் போயிடும். "நமஸ்காரமுங்க." காரியஸ்தர் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டமாட்டார், "குத்தகை பாக்கி எவ்வளவு?"ன்னு ஆரம்பிப்பார். தாத்தாவோட டிரங்குப் பெட்டியில மடத்துக்கு எழுதின ஒரு மனுவோட நகல் கிடந்துச்சு. அதுல தெண்டனிட்டு எழுதிக்கொள்கிற விண்ணப்பம்னு ஆரம்பிச்சிருக்கார். தெண்டன்னா தண்டம், கம்பு. கம்பு விழற மாதிரி நெடுஞ்சாண்கிடையா விழறதுன்னு அர்த்தம். அதாவது எங்க தாத்தா கொல்லைப்புறத்துல கும்பிடு வாங்கினவர், வாசல்ல கும்பிடு போட்டவர், பேப்பர்ல விழுந்தே கிடந்தவர்.

இனி வணக்கத்துக்கு வரேன்.

வணங்குன்னா வளையிறதுன்னு அர்த்தம். திருக்குறள் 827-ல வள்ளுவர் வணக்கம்ங்கிற சொல்லை ரெண்டு தடவை போடுறார், கூடாநட்பு அதிகாரத்துல. ஒண்ணு பகைவனோட பேச்சுல இருக்கிற பணிவு. இன்னொண்ணு வில்லோட வளைவு. வில் வளையிறது கெடுதல் செய்யத்தான், அதுபோலத்தான் பகைவன் பேச்சு வளையிறதும், நம்பாதேன்னு எச்சரிக்கிறார். அதுக்கு அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேல போகுது: தொழுற கைக்குள்ளேயே ஆயுதம் இருக்கலாமாம். கும்பிடு போடுறவன் மனசுல என்ன இருக்கும்னு ரொம்பக் காலத்துக்கு முந்தியே தெரிஞ்சு வச்சிருக்காங்க.

நமஸ்காரம்ங்கிற சம்ஸ்கிருதச் சொல்லுக்கும் வேர் வளையிறதுதானாம். ரெண்டு பாஷைக்காரனும் எதிர்ல ஆளைப் பார்த்ததும் முதல்ல யோசிச்சது முதுகைத்தான். எங்களுக்கு வளையிறதுன்னா ஞாபகம் வர்றது கதிர். பால் பிடிக்கிற வரைக்கும் விறைச்சுக்கிட்டு நிக்கும், மணி முத்த முத்தத் தலை சாயும். அது யாருக்கும் பயந்து சாயறதில்ல, தன் கனத்துல சாயுது. மனுஷன் கதை அப்படி இல்லையே.

ரொம்ப நாள் வரைக்கும் வணக்கம்னா சாமிக்குத்தான். 1578-ல கொல்லத்துல அச்சடிச்ச ஒரு சின்னப் புத்தகம் இருக்கு, பதினாறே பக்கம். இந்தியாவுல தமிழ் எழுத்துல முதல்ல அச்சானது அதுதான்னு சொல்றாங்க. அச்சிட்டவர் அண்ட்ரிக் அடிகளார்னு நம்ம ஆளுங்க கூப்பிடுற போர்த்துகீசியப் பாதிரியார். புத்தகத்தோட பேர் 'தம்பிரான் வணக்கம்'. அடுத்த வருஷம் கொச்சியில வந்ததுக்குப் பேர் 'கிரிசித்தியானி வணக்கம்'. ரெண்டுலயும் வணக்கம்னா ஜெபம், வழிபாடு. முந்நூறு வருஷம் கழிச்சு 1891-ல மனோன்மணீயம் நாடகம் எழுதின சுந்தரம் பிள்ளையும் ஆரம்பத்துல வச்ச பாட்டுக்குத் தமிழ்த் தெய்வ வணக்கம்னுதான் தலைப்புக் கொடுத்தார். அதுலேர்ந்து எடுத்ததைத்தான் 1970-லேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்தா பாடுறோம். அவர் காலத்துலயும் வணக்கம் தெய்வத்துக்குத்தான், தெய்வம் மட்டும் தமிழா மாறியிருந்துச்சு.

பேச்சுக் கொஞ்சம் நூலகத்துப் பக்கம் போயிடுச்சு. களத்துக்குத் திரும்புவோம்.

1978-ன்னு நினைக்கிறேன், நான் மூணாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் எழுந்து "வணக்கம் ஐயா"ன்னு இழுத்து ராகம் போடுவோம். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு அடுத்தது. அவரும் "வணக்கம், உட்காருங்க"ம்பார். ஒரு பெரிய மனுஷன், சட்டைப் பையில பேனா வச்சிருக்கிறவர், நாங்க சொன்ன அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்றார். வீட்டுல நான் பார்த்த கும்பிடுக்கு "ம்"தான் பதில். இங்க சொன்னது சொன்னபடி திரும்பி வருது. எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்துச்சு. வழியில ஆடு மேய்க்கிறவர்கிட்ட, தபால்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்ப்பேன்.

தை மாசம், சம்பா அறுப்பு. களத்துல கதிரடிச்சுத் தூத்தி நெல்லைக் குவிச்சாச்சு. சாயங்காலம் கூலி அளக்குற நேரம். தெக்குத் தெருவுலேர்ந்து பத்துப் பன்னெண்டு பேர். அந்தப் பெரியவர் முன்னாடி வந்து கும்பிட்டு நின்னார். நான் நெல்லுக் குவியல் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் எழுந்து, "வணக்கம் தாத்தா"ன்னேன்.

அவர் என்னைப் பார்க்கல, எங்க தாத்தாவைப் பார்த்தார். களத்துல பேச்சு நின்னுபோச்சு. அப்புறம் அவரே, "அப்புடியெல்லாம் சொல்லப்படாது சின்ன ஆண்டே"ன்னு மெதுவா சொன்னார். எங்க தாத்தா என்னை அடிக்கல, திட்டவும் இல்ல. மரக்காலை எடுத்தார்.

மரக்கால்ல அளக்குறதுக்கு ரெண்டு விதம் உண்டு. கூலி நெல்லைக் குவிச்சு அளக்குறது எங்க களத்து வழக்கம், மேல கோபுரம் மாதிரி நிக்கும். இன்னொண்ணு தலைவழிச்சு அளக்குறது. கையால ஒரு இழுப்பு இழுத்தா வாய் மட்டத்துக்கு மேல இருக்கிற நெல்லெல்லாம் கீழ போயிடும். அன்னைக்கு அந்தப் பெரியவருக்கு மட்டும் ஒவ்வொரு மரக்காலையும் தலைவழிச்சுப் போட்டார். மத்தவங்களுக்கெல்லாம் குவிச்சு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அவர் துண்டுல வாங்கி முடிஞ்சுக்கிட்டு, "கும்பிடறேன் ஆண்டே"ன்னு சொல்லிட்டுப் போனார்.

நான் வணக்கம் சொன்னதுக்கு அவர் வீட்டு நெல்லு குறைஞ்சுது. அது எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது, எட்டு வயசுன்னாலும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அவர் இருந்த வரைக்கும் நான் அவருக்கு வணக்கம் சொல்லல. நெல்லு போயிடும்ங்கிற பயம் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. மீதி நாளெல்லாம் சொல்லாம இருக்கிறது எனக்கும் சௌகரியமாப் போயிடுச்சு.

இவ்வளவுக்கும் அது 1978. வெளியில காலம் எப்பவோ திரும்பியிருந்துச்சு. எங்க வீட்டுக் களத்துக்கு வர நேரமாச்சு, அவ்வளவுதான்.

வணக்கத்தை மனுஷனுக்கு மனுஷன் சொல்ற வார்த்தையா மாத்தினது மேடைதான். நாகப்பட்டினத்துப் பக்கம் பிறந்த வேதாசலம் 1916-ல தன் பேரையே மறைமலைன்னு தமிழாக்கிக்கிட்டுத் தனித்தமிழ்ப் பேச்சைக் கிளப்பினார். அந்தக் காத்துல நமஸ்காரம் போய் வணக்கம் வந்துச்சு. அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை திருமண அழைப்பிதழ் ஆச்சு. கடுதாசியில "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" போய் "நலம், நலமறிய ஆவல்" வந்துச்சு. எங்க அப்பா கடைசி வரைக்கும் க்ஷேமம்தான் எழுதினார், நான் நலம். ஒரே வீட்டுலேர்ந்து ஒரே இன்லேண்டு லெட்டர்ல ரெண்டும் போகும்.

ஆனா மொழியை மாத்தினது பாதிதான். நமஸ்காரத்தை எடுத்துட்டு வணக்கத்தை வச்சாலும் அது கீழேயிருந்து மேலயே போயிருந்தா என்ன பிரயோஜனம்? சுயமரியாதைக்காரங்களும் செங்கொடிக்காரங்களும் அந்த இடத்துலதான் கை வச்சாங்க. 1929 செங்கல்பட்டு மாநாட்டுல பேருக்குப் பின்னாடி வர்ற சாதிப் பட்டத்தைக் கழட்டினாங்க. 1932-ல ரஷ்யாவெல்லாம் பார்த்துட்டுத் திரும்பின பெரியார், இனிமே எல்லாரும் எல்லாரையும் தோழர்னு கூப்பிடுங்கன்னார். 1940-கள்ல தஞ்சாவூர் ஜில்லாவுல பி.சீனிவாசராவ் வந்து பண்ணையாள்களைச் சங்கமா சேர்த்தார். கன்னடக்காரர், தமிழ் அவருக்கு வந்து கத்துக்கிட்ட பாஷை. சாணிப்பால் கொடுக்கிறதும் சவுக்கால அடிக்கிறதும் சங்கம் வந்துதான் நின்னுச்சு. 1952-ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1967-ல ஆட்சிக்கு வந்த அண்ணா ஸ்ரீயை எடுத்துட்டுத் திருவைப் போட்டார். அதுக்கு அடுத்த வருஷம் டிசம்பர்லதான் கீழ்வெண்மணி. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட ஜனங்கள்ல 44 பேர் ஒரு குடிசைக்குள்ள எரிஞ்சு போனாங்க. நிமிர்றதுக்கு எங்க ஜில்லாவுல என்ன விலைன்னு அது சொல்லும். எங்க களத்துல நடந்ததை இதுக்குப் பக்கத்துல வைக்கவே கூச்சமா இருக்கு. ஆனா பத்து வருஷம் கழிச்சும் மரக்கால் வாய்ல அதே கைதான் இழுத்துச்சுங்கிறதையும் சொல்லணும்ல.

பாட்டுங்களைப் பத்தி எழுதணும்னுதான் உண்மையில ஆரம்பிச்சேன்.

எங்க பக்கத்துப் பாட்டுன்னா முதல்ல நந்தன். நரிமணத்துல பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் பாடின நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. இப்போ நரிமணம்னா பெட்ரோல் எடுக்கிற ஊருன்னுதான் உங்களுக்குத் தெரியும். பெரியபுராணத்துல சேக்கிழார் சொன்ன திருநாளைப்போவார் கதையில பண்ணை முதலாளியே கிடையாது. பாரதியார்தான் வேதியர்னு ஒருத்தரைக் கொண்டு வந்து சேர்த்தார். அவர் இருந்தது 19-ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் ஜில்லா, சுத்திலும் பார்த்ததை உள்ள வச்சுட்டார்னு நினைக்கிறேன். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நந்தன் கெஞ்சுறதுதான் பாதிக் கதை. சாமியைக் கும்பிடப் போறதுக்கு முன்னாடி ஆண்டையைக் கும்பிட்டாகணும். நாப்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்துட்டுப் போன்னு வேதியர் சொல்ல, ஒரே ராத்திரியில விளைஞ்சு நிக்குது. அதைப் பார்த்துட்டு வேதியர் நந்தன் கால்ல விழறார். எங்க ஊர்ல கதாகாலட்சேபத்துல இந்த இடம் வரும்போது பெரியவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. துடைச்சுட்டு எழுந்து வீட்டுக்குப் போய்க் கொல்லைப்புறத்துல நிக்கிறவரைப் பார்த்து "ம்"னு சொல்லுவாங்க. 1935-ல இதைப் படமா எடுத்தப்போ நந்தனா நடிச்சது கே.பி.சுந்தராம்பாள், வேதியர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942-ல தண்டபாணி தேசிகர் நந்தன். பாட்டு இன்னைக்கும் கச்சேரியில ஓடுது.

இன்னொண்ணு, நம்ம பாரதியாரோட சுதந்திரப் பள்ளு. பள்ளுங்கிறது பழைய இலக்கிய வகை. வயல் வேலை, மழை, மாடு, விதை நெல்லுப் பேரு எல்லாம் அதுல அழகா வரும். விவசாயம் தெரிஞ்சவன் படிச்சா விடமாட்டான். ஆனா அதுல உழவன் பண்ணைக்காரன் முன்னாடி பணிஞ்சு நின்னு கணக்குச் சொல்லணும், திட்டு வாங்கணும். பாரதியார் அந்தப் பாட்டையே எடுத்து அந்தப் பணிவை மட்டும் கழட்டிட்டார். இன்னாரை ஐயர்னு, இன்னாரைத் துரைன்னு கூப்பிட்ட காலமெல்லாம் மலையேறிப் போச்சுன்னு ஆடிப் பாடச் சொல்றார். வந்தனை செய்யணும்னா யாருக்குங்கிறதுக்கும் பதில் வச்சிருக்கார்: உழவுக்கும் தொழிலுக்கும். உழுறவன் பின்னாடிதான் மத்தவனெல்லாம் கும்பிட்டுக்கிட்டு வருவான்னு வள்ளுவர் சொல்லிட்டுப் போனார். நடந்தது தலைகீழ், உழுதவன்தான் கும்பிட்டான். அதைத் திருப்பி நேரா வச்ச பாட்டு இது. 1947-ல வந்த 'நாம் இருவர்' படத்துல டி.கே.பட்டம்மாள் பாடினது. எங்க பஞ்சாயத்து ரேடியோவுல ஆகஸ்டு 15-க்கு இது கட்டாயம் உண்டு. அர்த்தம் தெரியாமலே குதிச்சுக்கிட்டுப் பாடியிருக்கேன்.

பாட்டே வணக்கமா ஆனதும் உண்டு. 'வந்தே மாதரம்'ல முதல் சொல்லுக்கே அர்த்தம் வணங்குறேன்தான். வ.உ.சி., பாரதியார் காலத்துல தேசபக்தர்கள் எதிர்ல பார்த்தா அதைத்தான் சொல்லிக்கிட்டாங்க, போலீஸ்காரன் காதுல விழுந்தா வம்பு.

கோயில் திருவிழாவுல நாடகம் போடுவாங்க. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின வள்ளி திருமணம், விடிய விடிய நடக்கும். முதல்ல பபூன்தான் வருவார், ஆர்மோனியத்தோட. வந்தனம்கிற சொல்லுக்கு எதுகையா வந்த சனத்தையெல்லாம் இழுத்து வச்சு, நாட்டாமைக்கு, மைக் செட்டுக்காரருக்கு, சுண்டல் விக்கிறவருக்குன்னு ஒருத்தரை விடாம பாடி வணங்குவார். எங்க ஊர் மைதானத்துல நடுவுல ஒரு கயிறு கட்டியிருக்கும். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் தெக்குத் தெரு. ஒரு வருஷம் வந்த பபூன் இந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுட்டு, கயித்துக்கு அந்தப் பக்கமும் திரும்பி அதே அளவுக்குக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டார். அங்கேயிருந்து ஒரு விசில் கிளம்புச்சு பாருங்க, இன்னைக்கும் காதுல இருக்கு. மறு வருஷம் அந்தக் குழுவைக் கூப்பிடல.

நடவுப் பாட்டுலயும் வணக்கம் உண்டு. முதல் முடியை ஊனும்போது பிள்ளையாருக்கு, பூமிக்கு. வரப்புல ஆண்டையோ வெளியூர்க்காரரோ வந்தா நாத்து முடியை அவர் காலடியில போட்டு வழியை மறிச்சுக் குலவை போடுவாங்க. அவரைப் புகழ்ந்து பாடுவாங்க, வெத்தலை பாக்குக்குக் காசு வாங்காம விடமாட்டாங்க. கேக்கிறதுக்குக் கும்பிடு மாதிரிதான் இருக்கும். ஆனா புகழ்ச்சிக்குள்ள கேலி இருக்கும், அவரோட கஞ்சத்தனமும் தொப்பையும் எல்லாம் வந்துடும். வாங்கிக்கிட்டவர் சிரிச்சுக்கிட்டேதான் போகணும். வள்ளுவர் சொன்ன வில் வளைவு ஞாபகம் வருதா? இப்போ மெஷின் நடவு வந்து அந்தப் பாட்டு போச்சு. நடவாள் கிடைக்காத கவலையில நானே மெஷினைத்தான் கூப்பிடுறேன், இதுல யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

சினிமாவுல குசலம் விசாரிச்ச பாட்டுல எனக்குப் பிடிச்சது 'தில்லானா மோகனாம்பாள்' (1968). கதையே எங்க ஊர்க் கதை, நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம், ஆடுறவங்க திருவாரூர் மோகனாம்பாள். கையில காயம் பட்டவரை நேரா போய்க் கேக்க முடியாது, சபையில ஆடிக்கிட்டே நலந்தானான்னு கேக்கிறாங்க. எழுதினது கண்ணதாசன், பாடினது பி.சுசீலா. வாயால பதில் கிடையாது, நாதஸ்வரத்துலதான் பதில். விசாரிக்கிறதும் பதில் வர்றதும் எப்படி இருக்கணும்னா அப்படி இருக்கணும்.

பதில்னு சொன்னதும் கூத்தாநல்லூர் ஞாபகம் வருது. எங்க வைக்கோலை வாங்க அங்கேயிருந்து ஒரு பாய் வருவார். அவர் கூட இன்னொருத்தர் இருந்தா ரெண்டு பேரும் "அஸ்ஸலாமு அலைக்கும்", "வ அலைக்குமுஸ்ஸலாம்"னு சொல்லிக்குவாங்க. உங்க மேல சாந்தி உண்டாகட்டும், உங்க மேலயும் உண்டாகட்டும். முதலாளியும் கூலிக்காரரும் அதே வார்த்தையைத்தான் சொல்லணும், பதில் சொல்லாம இருக்கக் கூடாதுன்னு பாய் சொன்னார். அந்தச் சலாம்தான் தமிழ்ல "துரைக்குச் சலாம் போட்டான்"னு ஆகிப்போச்சு. நல்ல வார்த்தையைக்கூடக் கொண்டுவந்து கும்பிடு ஆக்கிடுவோம் போல.

சேறடிச்சு முடிச்சுட்டு அந்தத் தம்பி வரப்புல உட்கார்ந்து டீ குடிச்சான். நான்தான் பேச்சை எடுத்தேன். "உங்க தாத்தாவை எனக்கு நல்லாத் தெரியும்பா."

"சொல்லும்ணே. உங்களைப் பத்திக்கூடச் சொல்லும்."

என்ன சொல்லுவார்னு கேக்க எனக்கு வாய் வரல. அவனே சொன்னான். "களத்துல நீங்க வணக்கம் வச்சீங்களாமே. அன்னைக்கு மரக்காலைத் தலைவழிச்சுட்டாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எத்தனை மரக்கால்னுகூடக் கணக்குச் சொல்லும்."

"சிரிச்சாரா?"

"சிரிக்கும். எங்க ஆயாதான் சிரிக்காது. அன்னைக்குச் சோறு பத்தலைன்னு அதுக்குத்தானே தெரியும்."

நான் பேசாம இருந்தேன். அவன் டம்ளரைக் கழுவி வச்சுட்டு போன்ல நேரம் பார்த்தான். மூணேகால் மணி நேரம் ஓடியிருந்துச்சு. நான் மூணரை மணிக்குக் காசு எண்ணிக் கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்த்து, கால் மணிக்கு உண்டான காசை என் கையில திருப்பி வச்சான்.

"வச்சுக்கப்பா."

"வேணாம்ணே. ஓடுனதுக்குக் குடுத்தாப் போதும்."

மேல வயல்ல தண்ணி கட்டி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு வண்டியைக் கிளப்பிட்டான்.